பதினைந்து தெருக்கள், எட்டு ஆண்டுகள்

1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் தேதியன்று, நியூயார்க் நகரத்து ரிட்ஸ் தியேட்டரில், மெட்ரோபாலிட்டன் ஓபரா என்னும் பெரிய சங்கீத ஸ்தாபனத்துக்குப் பணம் திரட்டுவதற்காக ஒரு கதம்ப நிகழ்ச்சி நடந்தது. அதில் இருபத்தாறு வயதுடைய கறுப்பினப் பெண்மணி ஒருவர் மேடையேறி, 'சம்மர்டைம்' என்ற தாலாட்டைப் பாடினார். பாடியவர் லியோன்டின் பிரைஸ். அந்த ஸ்தாபனம் 1883-இல் தோன்றியது. தோன்றிய நாள்முதல் அந்த ஏப்ரல் வரையில், ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக, அதன் சொந்த மேடையில் கறுப்பினப் பாடகர் எவருக்கும் முக்கியமான வேஷம் ஒன்று கொடுக்கப்பட்டதில்லை. ஸ்தாபனத்தின் கஜானா நிரம்புவதற்காக அவர் பாடலாம். ஆனால் வேறொரு கொட்டகையில்தான் பாடலாம். மெட்ரோபாலிட்டனுக்காக முதன்முதலில் பாடிய கறுப்பினப் பாடகி, மெட்ரோபாலிட்டனுக்கு வெளியே நின்றுதான் பாடினார் என்ற இந்த ஒரு செய்தியிலேயே அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி அடங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அந்த வாரங்களில் அவர் வேலையற்று இருந்தவர் அல்லர். ஆறாவது அவென்யூவும் ஐம்பத்து நான்காம் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த ஸீக்ஃபெல்டு தியேட்டரில், அதற்கு முந்தைய மாதம் 10-ஆம் தேதி தொடங்கி, ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' என்ற இசை நாடகத்தில் பெஸ் என்ற நாயகியாக அவர் நடித்துப் பாடிக்கொண்டிருந்தார். மெட்ரோபாலிட்டனின் பழைய மாளிகையோ பிராட்வேயில் முப்பத்தொன்பதாம் தெருவில் இருந்தது. இரண்டுக்கும் இடையே பதினைந்து தெருக்கள். சாவகாசமாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். லியோன்டின் பிரைஸ் அந்தத் தூரத்தைக் கடப்பதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின. அதுவும் நேர் வழியில் அல்ல, சான் பிரான்சிஸ்கோ, வியன்னா, லண்டன், மிலான் என்று உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்துதான்.

அவர் பிறந்தது 1927-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, மிஸிஸிப்பி மாகாணத்து லாரல் என்ற ஊரில். தந்தை மர அறுவை ஆலையில் தொழிலாளி. தாயார் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் குழுவில் பாடுகிறவர். குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த விளையாட்டுப் பியானோவில் அவளுடைய விரல்கள் சொன்னபடி கேட்பதைக் கண்ட பெற்றோர், வீட்டிலிருந்த கிராமபோன் பெட்டியையே முன்பணமாகக் கொடுத்து, உண்மையான பியானோ ஒன்றை வாங்கி வைத்தார்கள். கேட்கும் சங்கீதத்தை விற்றுப் பாடும் சங்கீதத்தை வாங்கிய அந்த ஏழைத் தம்பதிகளை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. ஒன்பது வயதில், ஜாக்ஸன் நகரத்தில் மேரியன் ஆண்டர்ஸனின் கச்சேரியைக் கேட்கும்படி தாயார் அழைத்துப் போனார். தம் நிறத்தையே உடைய ஒரு பெண்மணி, அத்தனை கம்பீரத்தோடு மேடையில் நின்று பாடியதைக் கண்ட அந்த நாள்தான் தம் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது என்று பிரைஸ் பிற்காலத்தில் பல முறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் அந்தக் காலத்துத் தென் மாகாணங்களில் ஒரு கறுப்பினப் பெண் பாட்டையே ஜீவனோபாயமாகக் கொள்வது எப்படி? பள்ளிக்கூடத்துச் சங்கீத ஆசிரியையாகலாம் என்ற எண்ணத்தோடுதான் அவர் ஓஹாயோ மாகாணத்து வில்பர்ஃபோர்ஸில் கல்லூரிப் படிப்பை முடித்தார். குரலின் விசேஷத்தை உணர்ந்தவர்கள் அத்துடன் விடவில்லை. மாபெரும் பாடகராகிய பால் ரோப்ஸன் அவருடைய மேற்படிப்புக்காக ஒரு நிதிக் கச்சேரி செய்து கொடுத்தார். லாரலில் அவருடைய சிற்றன்னை வேலை பார்த்துவந்த செல்வந்தர் வீட்டுத் தம்பதிகளாகிய சிஷம் குடும்பத்தாரும் மனமுவந்து உதவினார்கள். 1948-இல் நியூயார்க் ஜூலியார்டு பள்ளியில் சேர்ந்து, ஃப்ளாரன்ஸ் பேஜ் கிம்பல் என்ற ஆசிரியையிடம் சிட்சை பெறத் தொடங்கினார். அந்த அம்மையார் சொல்லிக்கொடுத்த பாடங்களுள் ஒன்றைப் பிரைஸ் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை: குரல் என்பது ஒரு மூலதனம், வட்டியைக் கொண்டுதான் பாட வேண்டுமே தவிர, ஒருநாளும் முதலில் கை வைக்கலாகாது. நம்முடைய வித்துவான்கள் எவரும் இந்த உபதேசத்தை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒப்புக்கொள்வது வேறு, கைதட்டல் காதை அடைக்கும்போது கடைப்பிடிப்பது வேறு.

இங்கே அவருடைய சாரீரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயியில் சஞ்சரிப்பதற்கு சோப்ரானோ என்று பெயர். அதிலும் பல ஜாதிகள் உண்டு. சிட்டுக்குருவியைப் போலத் துரித காலத்தில் பிருகாக்களை உதிர்ப்பது ஒன்று. மென்மையாகவும் நீளமாகவும் இழைவது ஒன்று. பெரிய வாத்தியக் கோஷ்டியின் முழக்கத்தையும் கிழித்துக்கொண்டு கேட்கும் கனம் உடையது ஒன்று. பிரைஸின் குரல் நடுவகையைச் சேர்ந்தது. ஆனால் உணர்ச்சியின் உச்சம் வரும்போது மூன்றாம் வகையின் பலத்தைத் திடீரென்று வரவழைத்துக்கொள்ள வல்லது. இத்தாலியர் அதை ஸ்பின்டோ என்பார்கள். வெர்டி என்ற மகா வித்துவான் தம் நாயகிகளுக்கு எழுதிய பாட்டெல்லாம் இத்தகைய குரலை மனத்தில் கொண்டு எழுதியவைதாம் என்று சொன்னாலும் பொருந்தும். பிரைஸ் மந்திர ஸ்தாயிக்கு இறங்கினால், விறகடுப்புப் புகை படிந்தாற்போன்ற ஓர் இருண்ட வளம் தெரியும்; மேலே ஏற ஏற அந்தப் புகை விலகி, அடித்து ஓய்ந்த பிறகே விரிந்து பரவுகிற வெண்கல மணியின் நாதம்போலக் கார்வை நிற்கும். பழைய மெட்ரோபாலிட்டன் மாளிகையில் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட ஆசனங்கள், ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் அந்த மெல்லிய கார்வை தன் காதருகே ஒலிப்பதுபோல் கேட்க வேண்டும். ஓபரா பாடகரின் சாதகம் முழுவதும் இந்த ஒரு அற்புதத்தைச் சாதிப்பதற்காகத்தான்.

ஓபராவுக்கும், பிராட்வே நாடகக் கொட்டகைகளில் நடக்கும் சங்கீத நாடகத்துக்கும் வித்தியாசம் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். ஓபராவில் பெரும்பாலும் சம்பாஷணையும் பாட்டாகவே நடக்கும். மற்றதில் வசனம் பேசிக் கதையை நடத்தி, உணர்ச்சி முற்றும் இடங்களில் பாட்டு எழும். ஓபரா பாடகி ஒரு கனமான வேஷத்தைப் பாடினால் மறுபடி பாடுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் ஓய்வு கொள்வது வழக்கம். பிராட்வேயிலோ வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். இவை தொழில் முறையில் உள்ள வித்தியாசங்கள். ஆனால் அமெரிக்காவில் இவற்றுக்கு மேலாக அந்தஸ்து என்ற சுவரொன்றும் இருந்தது. அந்தச் சுவரும் நிறத்தின் சுவரும் பல இடங்களில் ஒரே சுவராக இருந்தன. இதற்குப் 'போர்கி அண்ட் பெஸ்' என்ற கிருதியைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

டுபோஸ் ஹேவர்டு என்பவர் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து ஏழைக் கறுப்பர்களின் வாழ்வை வைத்து எழுதிய நாவல் 1925-இல் வெளிவந்து, பிறகு நாடகமும் ஆயிற்று. கெர்ஷ்வின் 1934-ஆம் ஆண்டுக் கோடையில் சார்ல்ஸ்டனை அடுத்த ஃபாலி தீவில் போய்த் தங்கி, அந்த மக்களின் வழிபாட்டுப் பாட்டுக்களையும் தாள லயங்களையும் நேரில் கேட்டு, அதை முழுமையான ஓபராவாகவே அமைத்தார். அதில் பாடுகிறவர்கள் கறுப்பினத்தவர்களாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஆகவே 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி அது பிராட்வேயிலுள்ள ஆல்வின் தியேட்டரில் அரங்கேறிற்று. டாட் டங்கன் போர்கியாகவும், ஆன் பிரௌன் முதல் பெஸ்ஸாகவும் பாடினார்கள். 124 காட்சிகளோடு நின்றுபோயிற்று. 1942-இல் மறுபடி போட்டபோது, பாட்டாக இருந்த சம்பாஷணைகளைப் பெரும்பாலும் பேச்சு வசனமாக மாற்றி, முழுச் சங்கீத நாடகமாகவே ஆக்கினார்கள். அது வெற்றியும் பெற்றது. இவ்விதமாக, ஓபராவாகப் பிறந்த குழந்தை பிராட்வேயில் வளர்ந்து, பிராட்வேயின் உடையையே அணிந்துகொண்டது. ராபர்ட் பிரீன் 1952-இல் அதற்குப் புத்துயிர் கொடுத்தபோது, வெட்டப்பட்ட பாட்டுச் சம்பாஷணைகளில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்த்தார். அந்தத் தயாரிப்புக்குத்தான் பிரைஸ் வந்து சேர்ந்தார்.

ஜூலியார்டில் மாணவியாக வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' நாடகத்தில் பாடியதைக் கேட்ட வர்ஜில் தாம்ஸன் என்ற இசைப் புலவர், தம்முடைய ஓபரா ஒன்றில் அவருக்குப் பாகம் கொடுத்து நியூயார்க்கிலும் பாரிஸிலும் பாட வைத்தார். அதை அடுத்து வந்ததே பெஸ். 1952 ஜூன் மாதம் டெக்ஸாஸ் மாகாணத்து டல்லஸ் நகரில் அந்தச் சுற்றுப்பிரயாணம் ஆரம்பமாயிற்று. வில்லியம் வார்ஃபீல்டு என்ற கம்பீரமான பாரிட்டோன் பாடகர் போர்கி. கேப் காலவே அந்த ஊரின் தூர்த்தனாகிய ஸ்போர்ட்டின் லைஃப். அவ்வாண்டு ஆகஸ்டில், ஐரோப்பாவுக்குப் புறப்படும் தறுவாயில், போர்கியும் பெஸ்ஸும் ஹார்லெமில் உள்ள ஒரு தேவாலயத்தில் மெய்யாகவே விவாகம் செய்துகொண்டார்கள். மேடையில் சேர்ந்த அந்த ஜோடி வாழ்க்கையில் நீண்ட காலம் சேர்ந்திருக்க இயலவில்லை. ஆளுக்கொரு திசையில் இழுத்த கச்சேரிப் பிரயாணங்கள் அவர்களைப் பிரித்துவிட்டன. எனினும் 1963-இல் அவர்கள் இருவரும் சேர்ந்து பதிவு செய்த 'போர்கி'யின் காட்சிகளைக் கேட்பவர்கள், சங்கீதத்தில் அவர்கள் பிரியவே இல்லை என்று சொல்வார்கள்.

பெஸ் என்ற பாத்திரம் எளிதானதன்று. குடியும் போதைப் பொடியும் முரடனாகிய கிரௌனின் பிடியும் ஒருபுறம். கால் வழங்காத பிச்சைக்காரன் போர்கியின் பரிசுத்தமான அன்பு மறுபுறம். நல்வழிக்குத் திரும்ப வேண்டும் என்று அவள் மெய்யாகவே விரும்புகிறாள். விருப்பத்தைக் காட்டிலும் பழக்கம் வலிதாகிவிடுகிறது. இந்தப் பெண்ணைப் பாடுகிறவர் அவளைக் கேவலப்படுத்தவும் கூடாது, தேவதையாக்கவும் கூடாது. போர்கியோடு பாடும் காதல் பாட்டில் பிரைஸின் குரல் அவனுடைய குரலின்மேல் சாய்ந்து கொள்வதையும், கிரௌன் வந்துவிட்டால் என்னைக் காப்பாற்று என்று போர்கியிடம் மன்றாடும் இடத்தில் அதே குரல் நடுங்கித் தன்மீதே நம்பிக்கை இழப்பதையும் அடுத்தடுத்துக் கேட்டால், நாடகமும் சங்கீதமும் வெவ்வேறு கலைகள் என்ற எண்ணமே நமக்கு மறந்துபோகிறது. இந்தக் கட்டுரைக்காக அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். அந்த மன்றாட்டுக்குப் பிறகு சிறிது நேரம் இசைத்தட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கறுப்பினத்தவர்களுள்ளேயே அந்த நாடகத்தைப் பற்றி மனக்கசப்பு இருந்தது. சூதும் போதையும் கொலையுமாகத் தங்கள் சமூகத்தைக் காட்டுவது நியாயமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சி பெற்ற ஒரு கறுப்பினப் பாடகிக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுத்து, வாரம் முழுவதும் முழுக் குரலில் பாட இடம் தந்த மேடை அமெரிக்காவில் அப்போது வேறு எங்கே இருந்தது? வியன்னா, பெர்லின், லண்டன், பாரிஸ் என்று சென்று வெற்றியோடு திரும்பிய குழு ஸீக்ஃபெல்டு தியேட்டரில் 305 காட்சிகள் நடத்திற்று. அந்தக் காட்சிகளுக்கு நடுவிலேயே, 1953 அக்டோபரில், ஸாமுவல் பார்பர் தாமே பியானோ வாசிக்க, அவர் இயற்றிய 'ஹெர்மிட் ஸாங்ஸ்' என்ற பாட்டுக்களை வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் முதல் முதலாகப் பாடியவரும் பிரைஸ்தான். இரவில் சார்ல்ஸ்டன் சேரியின் பெஸ், மற்றொரு நாள் ஐரிஷ் துறவிகளின் பழைய கவிகளைப் பாடும் கச்சேரிப் பாடகி. இரண்டுக்கும் ஒரே தொண்டை, ஒரே சிரத்தை.

1954-இல் அவர் பெஸ்ஸை விட்டு விலகினார். இதை நான் அவருடைய வாழ்க்கையின் முதல் பெரிய தீர்மானமாகக் கருதுகிறேன். அந்தக் குழு அதற்குப் பின்னும் ஊர் ஊராகச் சென்றது. 1955 பிப்ரவரியில் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கத்திலும் ஆடிற்று. பிரைஸ் கூடவே போயிருந்தால் இன்னும் பத்து ஆண்டுகள் பெஸ்ஸாகவே புகழோடு இருந்திருக்கலாம்; உலகம் அவரைப் பெஸ் என்றே அறிந்து, பெஸ் என்றே மறந்தும் இருக்கும். அவர் அந்தப் பாத்திரத்தை இழிவாக நினைத்து விடவில்லை. அந்த வாசல் வழியே வந்தவர், வாசலிலேயே நின்றுவிடக்கூடாது என்று நினைத்தார்.

1955 ஜனவரியில் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. அம்மாதம் 7-ஆம் தேதி, மேரியன் ஆண்டர்ஸன் தம் ஐம்பத்தேழாவது வயதில், மெட்ரோபாலிட்டன் மேடையில் வெர்டியின் நாடகம் ஒன்றில் குறி சொல்பவளாகப் பாடி, கறுப்பினத்தவருக்கு அடைத்திருந்த கதவைத் திறந்தார். குரலின் பொற்காலம் கடந்த பிறகு வந்த கௌரவம் அது. அதே மாதத்தில் என்.பி.ஸி. தொலைக்காட்சி நிலையத்தார், பீட்டர் ஹெர்மன் ஆட்லரின் தலைமையில், பிரைஸை நாயகியாகக் கொண்டு புச்சினியின் 'டோஸ்கா'வை ஒளிபரப்பினார்கள். ரோமாபுரியின் பாடகியாக ஒரு கறுப்பினப் பெண்ணும், அவளுடைய காதலனாக ஒரு வெள்ளையரும் தோன்றுவதைச் சகிக்க முடியாமல், தென் மாகாணத்து நிலையங்கள் சில அந்த ஒளிபரப்பைத் தங்கள் ஊர்களில் காட்ட மறுத்துவிட்டன. லாரலில் பிறந்த பெண்ணை முதலில் மறுத்தது அவள் பிறந்த திசையே. பெஸ்ஸாக அவரைப் பார்ப்பதில் எவருக்கும் சிரமம் இருக்கவில்லை என்பதையும், டோஸ்காவாகப் பார்ப்பதில்தான் சிரமம் இருந்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1956-இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆதரவில் நம் இந்தியாவிலும் கச்சேரிகள் செய்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பூலாங்கின் புதிய ஓபராவில் ஒரு கன்னிமடத்துத் தலைவியாகப் பாடினார். சில வாரங்களில் அங்கே 'ஐடா'வின் நாயகியாகப் பாட வேண்டிய இத்தாலியப் பாடகி நோய்வாய்ப்பட, அந்த வேஷம் இவருக்கு வந்தது. எத்தியோப்பிய ராஜகுமாரி எகிப்தில் அடிமையாக இருக்கும் கதை அது. அவருடைய குரலுக்கென்றே தைத்த உடைபோல் அமைந்துவிட்டது. பிறகு இசை நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயன் அழைக்க, 1958 மே மாதம் வியன்னாவின் அரசாங்க ஓபராவில் ஐடா; அதே ஆண்டில் லண்டனில் ஐடா; 1960 மே 21-ஆம் தேதி லா ஸ்காலாவில் ஐடா. பெஸ்ஸாக ஒருமுறை நுழைந்த வியன்னாவுக்கும் லண்டனுக்கும், ஊரின் பெரிய வாசல் வழியாக மறுமுறை நுழைந்தார். குழுவோடு போகாமல் விட்ட லா ஸ்காலாவுக்குத் தனியாகவே போனார்.

இதற்கிடையில், 1958-இல், மெட்ரோபாலிட்டனிலிருந்தே ஐடா பாடும்படி அழைப்பு வந்தது. அவர் மறுத்துவிட்டார். மெட்ரோபாலிட்டனில் முதன்முதல் அடியெடுத்து வைக்கும்போது அடிமைப் பெண்ணாக வரவேண்டாம், சீமாட்டியாக வரட்டும் என்று ஆட்லர் சொன்ன யோசனையை அவர் ஏற்றார். எழுபது ஆண்டுகள் மூடியிருந்த கதவு திறந்து ஒரு கை அழைக்கும்போது, முப்பத்தொரு வயதில், இப்போது வேண்டாம் என்று சொல்லி நிற்பதற்கு எத்தகைய மனோதிடம் வேண்டும்! உச்ச ஸ்தாயியில் ஸ்வரம் பிடிப்பவர்கள் பலர் உண்டு. இந்த மறுப்பைச் சொல்லக்கூடியவர்கள் அரியர்.

அவர் விரும்பியபடியே 1961 ஜனவரி 27-ஆம் தேதி வந்தது. வெர்டியின் 'இல் த்ரோவத்தோரே'. ஸ்பெயின் தேசத்து உயர்குலப் பெண்ணாகிய லியோனோராவின் வேஷம். இத்தாலியின் பிரஸித்தி பெற்ற டெனர் பாடகர் ஃபிராங்கோ கொரெல்லிக்கும் அன்றைக்கே அங்கே அரங்கேற்றம். நான்காம் அங்கத்தில், காதலன் அடைபட்டிருக்கும் கோபுரத்தின் கீழே, இருளில் லியோனோரா தனியாக நின்று, தன் பெருமூச்சு காதலின் சிறகேறி அவனைச் சென்று அடையட்டும் என்று பாடுவாள். நீண்ட நீண்ட மூச்சுக்களில், எங்கும் முறியாமல், மெல்லக் கீழிருந்து எழுந்து தார ஸ்தாயியின் சிகரத்தில் நூலிழைபோல நின்று இறங்க வேண்டிய பாட்டு. அதன்பின் உள்ளேயிருந்து துறவிகளின் மரணப் பிரார்த்தனையும் காதலனின் குரலும் கலந்து வர, அதற்கு நடுவே பயத்தின் துடிப்பாக இவள் குரல் விட்டுவிட்டு ஒலிக்கும். அன்றைய இரவு நாடகம் முடிந்த பிறகு எழுந்த கரகோஷம் நாற்பது நிமிஷங்களுக்கு மேல் ஓயவில்லை என்பது அந்த மாளிகையின் சரித்திரத்திலேயே பெயர்பெற்ற செய்தி. லாரலிலிருந்து வந்த அவருடைய தாயும் தந்தையும் அந்தச் சபையில் இருந்தார்கள்.

அந்த முதற்பருவத்திலேயே ஐடா, மடாம் பட்டர்ஃபிளை, மோட்ஸார்ட்டின் டோனா ஆனா, 'துராந்தோ'வின் லியூ என்று, லியோனோராவையும் சேர்த்து, அடுத்தடுத்து ஐந்து வேஷங்கள். மார்ச் 10-ஆம் தேதியிட்ட 'டைம்' பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் வந்தது. ஸீக்ஃபெல்டு தியேட்டரில் பெஸ்ஸாக நின்ற முதல் இரவுக்குச் சரியாக எட்டு ஆண்டுகள். அவ்வாண்டு அக்டோபரில் மெட்ரோபாலிட்டனின் புதிய பருவத்தைத் தொடங்கிவைக்கும் நாயகியும் அவரே. புச்சினி எழுதிய, கலிபோர்னியத் தங்கச் சுரங்கத்துக் கதையின் நாயகி வேஷம். கத்திப் பாட வேண்டிய இடங்கள் மிகுந்தது. இரண்டாவது காட்சியன்று, இரண்டாம் அங்கத்தின் நடுவில், அவருக்குக் குரல் எழவில்லை. பாட்டைப் பேச்சாக உச்சரித்து அங்கத்தை முடித்தார். மூன்றாம் அங்கத்தை டாரதி கிர்ஸ்டன் வந்து பாடினார். கிம்பல் அம்மையார் எச்சரித்த முதலில் கை பட்டுவிட்டது. பிரைஸ் சிலகாலம் ஓய்வெடுத்தார். அந்த வேஷத்தைத் தமக்கு உகந்ததன்று என்று விரைவிலேயே ஒதுக்கினார். ஒப்புக்கொள்ளும் காட்சிகளின் எண்ணிக்கையையும் பிற்காலத்தில் குறைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தக் குரல் பழுதுபடாமல் இருந்ததற்கு இந்தத் தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

1966 செப்டம்பர் 16-ஆம் தேதி லிங்கன் சென்டரில் மெட்ரோபாலிட்டனின் புதிய மாளிகை திறக்கப்பட்டபோது, அவருக்கென்றே பார்பர் இயற்றிய 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' அரங்கேறிற்று. இயக்குநர் ஸெஃபிரெல்லியின் பிரம்மாண்டமான ஜோடனைகளின் பாரத்தில் புதிய சுழல்மேடை பழுதடைந்தது. ஒத்திகையில் நாயகி பிரமிடுக்குள்ளேயே அகப்பட்டுக் கொண்டார். சங்கீதம் ஆடம்பரத்தின் அடியில் புதைந்தது. பத்திரிகைகள் பார்பரைக் கண்டித்தன. ஆனால் தம் நண்பர் தமக்காக எழுதிய பாட்டைப் பிரைஸ் கைவிடவில்லை. கிளியோபாட்ராவின் காட்சிகளைத் தனியே எடுத்துக் கச்சேரிகளில் பாடிவந்தார்.

மெட்ரோபாலிட்டனில் அவர் ஏற்ற வேஷங்கள் 16. பாடிய காட்சிகள், வெளியூர்ப் பிரயாணங்களையும் சேர்த்து, 201. விடைபெறுவதற்கு 1985 ஜனவரி 3-ஆம் தேதியைக் குறித்துக்கொண்டார். முன்பு வேண்டாமென்று தள்ளிய ஐடாவைத் தாமே தேர்ந்துகொண்டார். நைல் நதிக்கரையில், என் தாய்நாட்டை இனி நான் காணப்போவதில்லை என்று ஐடா பாடும் மூன்றாம் அங்கம். அந்தப் பாட்டின் முடிவில், உரக்கப் பாடித் தப்பித்துக்கொள்ள இடமில்லாமல், இனிமையாகவே எட்ட வேண்டிய ஒரு மேல் ஸ்வரம். ஐம்பத்தேழு வயதில் அதை எட்டினார். முதன்முதல் மேரியன் ஆண்டர்ஸன் அந்த மேடையில் நின்றபோது அவருக்கும் அதே வயது. சபையோர் எழுந்து நின்று செய்த கரகோஷம் பல நிமிஷங்கள் நீடித்தது. பாத்திரத்தை விட்டு விலகலாகாது என்று அசையாமல் நின்ற அவருடைய முகத்தில் உணர்ச்சி பொங்கி அடங்குவதைத் தொலைக்காட்சியில் தேசம் முழுவதும் பார்த்தது.

அதற்கு முப்பத்து நான்கு நாட்கள் கழித்து, அதே ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, மெட்ரோபாலிட்டன் ஓபரா தன் சரித்திரத்தில் முதல் முறையாகப் 'போர்கி அண்ட் பெஸ்' நாடகத்தை மேடையேற்றிற்று. இயற்றிய ஐம்பதாவது ஆண்டில் அதை ஓபரா என்று அங்கீகரித்தார்கள். பெஸ்ஸாகப் பாடியவர் கிரேஸ் பம்ப்ரி. போர்கி ஸைமன் எஸ்டஸ். இருவரும் உயர்ந்த பாடகர்கள். ஆனால் பெஸ்ஸின் குரலாகவே உலகத்தைச் சுற்றி வந்த லியோன்டின் பிரைஸ், அந்த மேடையில் ஒருநாளும் பெஸ்ஸாக நிற்கவில்லை. அவர் மேடையில் இருந்த காலத்தில் பெஸ்ஸுக்கு இடமில்லை. பெஸ்ஸுக்கு இடம் கிடைத்தபோது அவர் விடைபெற்றுவிட்டார். மெட்ரோபாலிட்டன் இழந்த வாய்ப்புகளில் இதுவே பெரிது என்பது என் தீர்ப்பு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓபரா நமக்குப் புரியாது என்று ஒதுக்கிவிடாமல், ஓய்வான ஓர் இரவில், 1963-இல் வார்ஃபீல்டோடு அவர் பதிவு செய்த 'போர்கி'யின் காட்சிகளை முதலில் கேளுங்கள். அது முடிந்தவுடன், வேறு எதையும் இடையில் வைக்காமல், 1985-ஆம் ஆண்டு விடைபெற்ற இரவின் ஐடா மூன்றாம் அங்கத்தைக் கேளுங்கள்.